ஒரு ஜெபமாலை நேரத்தில் வேகும் கிழங்கு

போன வாரம் ஜெசி சென்னையிலிருந்து போன் பண்ணினாள். ஜெசி என் மகள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, இரண்டு பையன்கள், வீடு வந்து சேரவே ஏழு ஏழரை ஆகிவிடும். "அம்மா, வேலை நாள்ல ஒரே சட்டியில முடிக்கிற மாதிரி ஏதாவது சொல்லும்மா. நீ செய்வியே, உருளைக்கிழங்கும் சோறும் போட்டு, அது எவ்வளவு நேரம் வேவணும்?" என்றாள். நான் யோசிக்காமல், "ஒரு ஜெபமாலை நேரம்" என்று சொல்லிவிட்டேன். "அம்மா, நிமிஷத்துல சொல்லும்மா" என்றாள்.

நிமிஷக் கணக்கு எனக்குத் தெரியவில்லை என்பதுதான் வேடிக்கை. பத்து வருஷத்துக்கு மேல் வாரத்தில் அஞ்சு நாள் செய்த சமையல், அதற்கு ஒரு நாளும் நான் கடிகாரம் பார்த்ததில்லை. ஏதோ ஒரு குத்துமதிப்பில் இருபத்தஞ்சு நிமிஷம் என்று சொல்லி வைத்தேன். அவள் எழுதிக்கொண்டாள். எழுதிக்கொண்டே, "தாத்தாவுக்குத்தான் உருளைக்கிழங்கே புடிக்காதேம்மா. எல்லாத்தையும் என் தட்டுல தள்ளிடுவாரு" என்று சிரித்தாள். "ஆமா. கடுகு வெடிச்சதும் வெங்காயத்தப் போடு" என்று பேச்சை மாற்றிவிட்டேன். போனை வைத்த பிறகு வீட்டுக்குள் இருக்கப் பிடிக்கவில்லை. வாசலில் நாற்காலியைப் போட்டு இருட்டும் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றுகிறது. உங்களுக்கு நான் சோறு போட்டதில்லை, அதனால் சுலபம்.

எழுபதுகளின் கடைசியில் காரைக்காலில், மாதா கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி ஓட்டு வீடு ஒன்றில் குடியிருந்தோம். வீட்டில் நாலு பேர். நான், என் வீட்டுக்காரர், ஜெசி, அப்புறம் என் மாமனார். மாமியார் நான் அந்த வீட்டுக்குப் போவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். மாமா பிரெஞ்சுக்காரர் காலத்தில் நகராட்சியில் எழுத்தர் வேலை பார்த்தவர். வெள்ளை வேட்டி, வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் பேனா. வேலை போய்ப் பதினைந்து வருஷமாகியும் அந்தப் பேனாவில் மை மட்டும் தீர்ந்து நான் பார்த்ததில்லை.

ஜெசி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் எனக்கு அரசாங்க ஆபீஸ் ஒன்றில் கிளார்க் வேலை கிடைத்தது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் என்றைக்கோ பதிந்து மறந்துபோயிருந்தேன். கார்டு வந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. கஷ்டத்துக்காகத்தான் வேலைக்குப் போனேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். பொய். எனக்குப் போகப் பிடித்திருந்தது. தினமும் காலையில் வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு நேராகக் கையெழுத்துப் போடுகிற அந்த ஒரு நொடி, அப்பா, அதற்காகவே ராத்திரி சேலையை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுப்பேன். இஸ்திரி போட்ட மாதிரி இருக்குமாம்.

ஆனால் வீட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு அந்த வேலை ஒத்துவரவில்லை. காரைக்கால்மேட்டிலிருந்து மீன்காரம்மா வருவது காலை பத்து மணிக்கு. நான் ஒன்பதேகாலுக்கே கிளம்பிவிடுவேன். சாயந்திரம் மார்க்கெட்டில் கிடைக்கிற மீனை எங்கள் மாமா மூக்கைச் சுளித்துக்கொண்டு திரும்பக்கூடப் பார்க்கமாட்டார். காலையில் சோறும் ஒரு குழம்பும் வைத்துவிட்டுப் போனால் அது மத்தியானத்தோடு சரி. ஆறரைக்கு நான் வந்து முகம் கழுவும்போது சட்டியில் மிஞ்சின வெறும் சோறு இருக்கும், கூடையில் உருளைக்கிழங்கு இருக்கும். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் ஒரு வாரம் கெடாமல் கிடப்பது அது ஒன்றுதான். அப்படித்தான் ஆரம்பித்தது.

செய்முறை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. இருப்புச் சட்டியில் நல்லெண்ணெய், கடுகு, கொஞ்சம் சோம்பு, சின்ன வெங்காயம். தக்காளி மசிந்ததும் கிழங்கைத் தோலோடு நறுக்கிப் போட்டு, மிளகாய்த்தூள் உப்புப் போட்டு, ஒரு தம்ளர் தண்ணீர். மேலே காய்ந்த கூனி இறால் பொடி இருந்தால் ஒரு கைப்பிடி, இல்லாவிட்டால் இரண்டு முட்டை. அதற்கும் மேலே மத்தியானச் சோற்றை உதிர்த்துப் பரப்பி, தட்டால் மூடி, தட்டின் மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்துவிட வேண்டியது. அடியில் கிழங்கு வேகும், மேலே சோறு சூடாகும். குழம்பு தனி, பொரியல் தனி என்ற பேச்சே இல்லை. ஒரே சட்டி, நாலு தட்டு, கழுவவும் சுளுவு.

இதில் ஒரு சங்கடம், ஏழு மணி ஜெபம். மாமா அதில் ஒரு நாளும் விட்டுக்கொடுக்க மாட்டார். கோயிலில் சாயந்திர மணி அடித்து ஓய்ந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மாதா படத்துக்கு முன் விளக்கேற்றி மண்டி போட்டுவிடுவார். பக்கத்தில் ஜெசி, பின்னால் நான். பம்ப் ஸ்டவ் பற்றவைத்தால் அது போடுகிற இரைச்சலில் அருள் நிறைந்த மந்திரம் ஒன்றும் காதில் விழாது. அதனால் திரி ஸ்டவ்தான், அதுவும் சின்னத் தீயில். சட்டியை ஏற்றிவிட்டு வந்து மண்டி போடுவேன். பத்துப் பத்து மணியாக ஐந்து தேவ இரகசியம் சொல்ல வேண்டும். மூன்றாவது முடிகிற இடத்தில் எழுந்து போய் ஒரு தடவை கிளறுவேன். ஐந்தாவது முடிந்து பிரார்த்தனை தொடங்கும்போது கிழங்கு முக்கால் பதம். 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று வரிசையாகச் சொல்லி முடிக்கும்போது இறக்கலாம். செவ்வாயும் வெள்ளியும் துக்க இரகசியம், மாமா நிறுத்தி நிதானமாகச் சொல்வார். அந்த இரண்டு நாளும் கிழங்கு குழைந்துதான் இருக்கும்.

மாமாவுக்கு நல்ல மூக்கு. அடி பிடிக்கிற வாசனை வந்தால் கண்ணைத் திறக்காமலே குரலை ஒரு படி உயர்த்துவார். அதுதான் எனக்கு சிக்னல். கிழங்கு இன்னும் வேகவில்லை என்று என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டால், "உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்காக இன்னும் ஒரு பத்து மணி" என்று சேர்த்துவிடுவார். எங்கள் வீட்டு அரைவேக்காட்டுக் கிழங்கால் எத்தனை ஆத்துமாக்கள் மோட்சம் போய்ச் சேர்ந்தனவோ. என் வீட்டுக்காரருக்கு நாகப்பட்டினத்தில் வேலை. ஜெபத்துக்குத் தப்பி, சாப்பாட்டுக்குச் சரியாக எட்டு மணி பஸ்ஸில் வந்து இறங்குவார். அந்தச் சாமர்த்தியத்தை அவர் கடைசி வரைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை.

முதல் வருஷம் மாமா அந்தச் சட்டிச் சோற்றை எப்படிச் சாப்பிட்டார் என்று நினைத்தால் இப்போதும் கண் முன்னால் நிற்கிறது. உருளைக்கிழங்கு என்றால் அவருக்கு உயிர். ஜெசி சொல்வது தப்பு. பிரெஞ்சு அதிகாரி வீட்டு விருந்து ஒன்றில் வெண்ணெயில் புரட்டிய கிழங்கைத் தின்ற கதையை நூறு தடவையாவது சொல்லியிருப்பார். எல்லோருக்கும் போட்டு முடிந்ததும், "காந்தல் எனக்கும்மா" என்று தட்டை நீட்டுவார். சட்டியின் அடியில் சிவந்து ஒட்டிக்கொண்டிருக்கிற அந்தக் கிழங்குக் காந்தலைக் கரண்டியால் சுரண்டிப் போடுவேன். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவார். ஜெபத்தில் மூடுகிறதை விட இதில்தான் இறுக்கி மூடுவார் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரோசலி அக்கா வருவார். என் வீட்டுக்காரருக்கு மூத்தவர், திருமலைராயன்பட்டினத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. வந்ததும் வராததுமாக அடுப்படிக்குத்தான் போவார். ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்ப்பார். நான் வேலைக்குப் போவது அவருக்குக் கண்ணில் விழுந்த தூசி. "ராத்திரிக்கு அப்பாவுக்கு என்ன குழம்பு வைக்கிற?" என்று கேட்பார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா முன்னறையிலிருந்து, "எல்லாம் வைக்குது, எல்லாம் வைக்குது" என்பார். அக்கா என்னைப் பார்த்து, "அப்பா வாயத் திறந்து சொல்ல மாட்டாரு. இங்க சரியில்லன்னா நான் கூட்டிட்டுப் போயிடுவேன், ஆமா" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவார்.

அந்தப் பேச்சுக்கு நான் பயந்தேன். ஏனென்றால் ஜெசி மூன்றரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கதவைத் திறந்துவிட்டு, முகம் கழுவிவிட்டு, நான் வரும் வரைக்கும் பார்த்துக்கொள்வது மாமாதான். மாமா பட்டினத்துக்குப் போய்விட்டால் பிள்ளைக்கு ஆள் இல்லை, பிள்ளைக்கு ஆள் இல்லையென்றால் என் வேலை இல்லை. இது அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாமாவுக்கும் தெரிந்திருந்தது என்பதுதான் எனக்குத் தெரியாமல் போனது.

இரண்டாவது வருஷம் மழைக்காலம் முடிந்த சமயம் என்று ஞாபகம். ஒரு நாள் சட்டியைச் சுரண்டிக்கொண்டே, "மாமா, காந்தல்" என்றேன். "புள்ளைக்குப் போடும்மா" என்றார். சரி, பேத்தி மேல் பாசம் என்று விட்டுவிட்டேன். அதற்கப்புறம் பார்த்தால் தினமும் அதே கதை. தன் தட்டில் விழுகிற கிழங்கை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஜெசி தட்டில் வைப்பார். அவருக்கு மிஞ்சுவது நாலு வாய் சோறும் வெங்காயமும் கூனியும்தான். ஜெசி கன்னம் உப்பிக்கொண்டு வந்தாள். மாமாவுக்குச் சட்டைக் காலர் தொளதொளவென்று ஆனது. "என்ன மாமா, எல்லாத்தையும் அவகிட்ட தள்ளிட்டு நீங்க என்னத்த சாப்பிடறீங்க?" என்று கேட்டேன். "பல்லு சரியில்லம்மா" என்றார்.

நன்றாக வெந்த உருளைக்கிழங்குக்கு எதற்குப் பல் என்று எனக்கு உறைக்கவே இல்லை. ஆபீசில் ஆயிரம் பைலில் நம்பர் தப்பைக் கண்டுபிடிக்கிறவள் நான். கருவாட்டைக் கடிக்கிற மனுஷனுக்குக் கிழங்கு கடிக்க முடியவில்லையாம், அதை நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை. என் புத்திசாலித்தனத்தைக் கேளுங்கள். பல்தானே பிரச்சினை என்று மறுநாளிலிருந்து மாமாவுக்கு மட்டும் கிழங்கைத் தனியாக எடுத்து, சோற்றோடு முட்டையையும் சேர்த்து மசித்து, ஒரு கிண்ணத்தில் போட்டுக் கையில் கொடுத்தேன். பொறுக்கி எடுத்துப் பிள்ளைக்கு வைக்கிற வேலை நடக்காது இல்லையா. அது மட்டுமல்ல, அவர் எதிரிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன். கிண்ணம் காலியாகாமல் எழுந்திருக்க மாட்டேன்.

அவர் ஒரு நிமிஷம் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டு சாப்பிட்டார். "நல்லாருக்கும்மா" என்றார். எனக்கு என்ன பெருமை தெரியுமா. ஆபீசில் பக்கத்து மேஜைக்காரம்மாவிடம், "மாமனார கொழந்த மாதிரி பாத்துக்கறேன்" என்று சொல்லிக்கொண்டேன். அப்படி எத்தனை மாசம் நடந்தது என்று எண்ணிப் பார்க்க எனக்கு இன்று வரைக்கும் தைரியம் வரவில்லை.

நடுவில் எத்தனையோ அறிகுறிகள். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். வெயில் காலம் என்றோம். ஜெபத்துக்கு நடுவில் எழுந்து கொல்லைப் பக்கம் போனார். வயசு என்றோம். வாயுவுக்கு என்று காகிதத்தில் மடித்து ஏதோ மாத்திரை வைத்திருந்தார். அதையும் யாரும் கேட்கவில்லை. ஆளுக்கு ஆள் அவசரம். எனக்கு ஆபீஸ், என் வீட்டுக்காரருக்கு நாகப்பட்டினம் பஸ், பிள்ளைக்கு வீட்டுப்பாடம்.

இப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. தவக்காலம் வந்தது. சாம்பல் புதனிலிருந்து நாற்பது நாளும் மாமா செருப்புப் போடமாட்டார். அது அவர் அப்பா காலத்திலிருந்து வருகிற வழக்கம். வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதைக்குக் கோயிலுக்கும் வெறுங்காலோடுதான். அந்த வருஷம் எங்கேயோ கருவை முள் குத்தியிருக்கிறது. முள் உள்ளேயே முறிந்து, உள்ளங்காலில் புண்ணாகி, துணியைச் சுற்றிக்கொண்டு நடந்தார். "வலிக்குதா மாமா?" என்றால், "இல்லவே இல்ல" என்பார். அது பொய் இல்லை, நிஜமாகவே அவருக்கு வலி தெரியவில்லை. வலி இல்லையாம், அப்போ சின்னக் காயம்தான் என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம். ஈஸ்டருக்கு அப்புறம் ஒரு நாள் அவர் துணியை மாற்றும்போது அடித்த வாடையில்தான் குனிந்து காலைப் பிடித்துப் பார்த்தேன்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். மாமாவை உள்ளே கட்டுப் போட அனுப்பிவிட்டு டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "நீங்கதான் மருமகளா?" என்றார். ஆமாம் என்றேன். "ரெண்டு வருஷமா நீங்க இவ்வளவு பத்தியமா பாத்துக்கிட்டும் சுகர் எறங்கவே இல்லையேம்மா. கிழங்கே கூடாது, சோத்தக் கொறைங்கன்னு அன்னைக்கே சொன்னேன். மருமக எனக்குன்னு தனியா கேழ்வரகுல செஞ்சு குடுக்குதுன்னாரே" என்றார்.

சுகரா என்று கேட்டிருக்க வேண்டும், எப்போதிலிருந்து என்று கேட்டிருக்க வேண்டும். ஒன்றும் கேட்கவில்லை. "ஆமா டாக்டர்" என்றேன். அந்த மனுஷன் எனக்காகச் சொன்ன பொய்யை அந்த இடத்தில் எப்படி உடைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அப்படி நினைத்துத்தான் என்னைத் தேற்றிக்கொள்கிறேன். உண்மையில் டாக்டர் முன்னால் வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

காலில் வெள்ளைக் கட்டோடு மாமாவை வராந்தா பெஞ்சில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பதினொரு மணி வெயில். "ஏன் மாமா எங்கிட்ட சொல்லல?" என்றேன். அவர் கட்டைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"சொன்னா தனியா சமைப்ப. ஒனக்கு ஏதும்மா நேரம்?"

"எப்படியாச்சும் செஞ்சிருப்பேன் மாமா."

"ரோசலிக்குத் தெரிஞ்சா என்னைக் கூட்டிட்டுப் போயிடும். அப்புறம் ஒன் வேல?" பிறகு சொன்னார், "ரோசலிக்கு டீச்சர் டிரெயினிங் சீட்டு வந்துச்சும்மா அப்ப. பாண்டிச்சேரியில. நாந்தான் வேணாம்னுட்டேன். பொட்டிய கட்டி வச்சிருந்துச்சு. மூணு நாளு சாப்பிடல. நான் எறங்கி வரல. நீ காலைல கைப்பைய மாட்டிட்டு வாசப்படி எறங்கறப்ப எனக்கு அந்தப் பொட்டிதான் கண்ணுக்குத் தெரியும்."

நான் அழுதேன். ஆஸ்பத்திரி வராந்தா, ஊர்க்காரர்கள் போகிறார்கள் வருகிறார்கள், ஒன்றும் பார்க்கவில்லை. "மசிச்சு மசிச்சு நான் குடுத்தேனே மாமா, அதையாச்சும் வேணாம்னு சொல்லியிருக்கலாமே" என்றேன். "நீ எதுத்தாப்புல ஒக்காந்திருந்தியேம்மா. எப்படிச் சொல்றது?" என்றார். அப்புறம் மெதுவாக, "இந்த ரெண்டு வருஷக் கதை யாருக்கும் தெரிய வேணாம். இப்பதான் வந்துச்சுன்னு இருக்கட்டும்" என்றார். சரி என்று தலையாட்டினேன். அப்போது அது எவ்வளவு காலத்துக்கான சரி என்று எனக்குத் தெரியாது.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முதலில் இரண்டு விரல், பிறகு முழங்காலுக்குக் கீழே. திரும்பக் கூட்டி வந்து முன்னறையில் கட்டில் போட்டோம். மறுநாள் காலையே ரோசலி அக்கா பெட்டியோடு வந்து இறங்கினார். நான் ராஜினாமாக் கடிதத்துக்கு வாசகம் யோசித்துக்கொண்டிருந்தேன், ஆபீஸ் புத்தி. அக்கா அடுப்படிக்குப் போகவில்லை. நேராக அப்பா கட்டிலுக்குப் போய், போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தார். திரும்பி என்னிடம், "என்ன நின்னுட்டிருக்க? மணி ஒம்போதாவுது. கெளம்பு" என்றார்.

"இல்லக்கா, நான் வேலய..."

"நான் எதுக்கு வந்திருக்கேன்? அப்பாவையும் புள்ளையையும் நான் பாத்துக்கறேன். போ, பெல்லடிச்சிடப் போறாங்க."

எங்கள் ஆபீசில் பெல் அடிக்கிற வழக்கம் கிடையாது. பள்ளிக்கூடத்தில்தான் அடிப்பார்கள். நான் அக்கா முகத்தைப் பார்த்தேன். அவர் அதற்குள் அப்பாவுக்கு வெந்நீர் வைக்கப் போய்விட்டார். மாமா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது.

ஆறு மாசம் அக்கா எங்களோடு இருந்தார். நான் வேலைக்குப் போனேன், வந்தேன். ராத்திரிக்கு மாமாவுக்குத் தனியாகக் கோதுமை ரவைக் கஞ்சி. அதைப் பம்ப் ஸ்டவ்வில் ஜெபத்துக்கு முன்பே வைத்து இறக்கிவிடுவேன். பதினைந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இரண்டு வருஷமாக அவர் எனக்கு இல்லை என்று நினைத்த நேரம் அவ்வளவுதான். பதினைந்து நிமிஷம். அதையும் உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் சாயந்திரம் மாமா போய்விட்டார். நாங்கள் மண்டி போட்டிருந்தோம், அவர் கட்டிலில் படுத்தபடியே ஜெபத்தை நடத்திக்கொண்டிருந்தார். நாலாவது தேவ இரகசியத்துக்கு நடுவில் குரல் நின்றது. நாங்கள் பதில் சொல்லி முடித்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருந்தோம். எவ்வளவு நேரம் காத்திருந்தோம் என்று தெரியவில்லை. ஜெசிதான் முதலில் எழுந்து போய், "தாத்தா" என்றாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து உறவுக்காரர்கள் எல்லோரும் கலைந்த பிறகு அக்கா மட்டும் இருந்தார். மறுநாள் ஊருக்குக் கிளம்பவேண்டியவர். எனக்கு ஒன்றும் சமைக்க ஓடவில்லை. சட்டியை ஏற்றிக் கிழங்கைப் போட்டேன், மேலே சோற்றைப் பரப்பினேன். அக்கா அதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சாப்பிட்டார். கால் போன பிறகு மாமா இருந்தவரைக்கும் அவர் எதிரில் நான் கிழங்கை எடுக்கவே இல்லை. நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. அப்பாவுக்குக் கெழங்குன்னா உசுரு. காலுல புண்ணு வர்ற வரைக்குமாச்சும் ஆசையா சாப்பிட்டாரேம்மா, அது போதும்" என்றார். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தார். அத்தனை வருஷத்தில் அக்கா என் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான்.

"ஆமாக்கா" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த ஆபீசிலேயே முழுக்க வேலை பார்த்து, மாலை போட்டு அனுப்பி வைக்கிற வரைக்கும் இருந்தேன். பிரிவு உபசாரத்தில் என்னைப் பற்றி நல்லதாக நாலு பேர் பேசினார்கள். நான் மாமா பெயரைச் சொல்லலாம் என்று எழுந்தேன், எல்லோருக்கும் நன்றி என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் போய் ஆறு வருஷமாகிறது. அவருக்கும் சொல்லவில்லை. தெரு முழுக்க மாறிவிட்டது. நாங்கள் இருந்த ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மேலும் கீழுமாக நாலு கடை கட்டியிருக்கிறார்கள். ஏழு மணிக்கு அந்தத் தெருவில் நடந்து போனால் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு ஜெபச் சத்தம் கேட்கும். ஒரு வீட்டில் விட்ட இடத்தை அடுத்த வீட்டில் பிடித்துக்கொண்டே கோயில் வரைக்கும் போகலாம். இப்போது எல்லா ஜன்னலிலும் டிவி. என் வீட்டிலும் டிவிதான், நான் யாரைக் குறை சொல்வது. தனியாக மண்டி போட்டால் சொல்லவும் நான், பதில் சொல்லவும் நான். இரண்டு நாள் முயற்சி செய்துவிட்டு விட்டுவிட்டேன்.

சில சமயம் என்னையே கேட்டுக்கொள்வேன். மாமா அன்றைக்கே, எனக்கு இப்படி டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? சந்தோஷமாகத் தனியாகச் சமைத்திருப்பேன் என்று சொல்ல ஆசைதான். ஆபீஸ் விட்டு வந்த களைப்பில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் செய்திருப்பேன். அந்த முகத்தை அவர் முன்கூட்டியே பார்த்திருக்கிறார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இப்போதைய டாக்டர்கள் சர்க்கரைக்காரர்களும் அளவாகக் கிழங்கு சாப்பிடலாம் என்கிறார்களாம். ஜெசியின் மூத்தவன் போனில் படித்துச் சொன்னான். நல்ல செய்திதான். கிண்ணத்தில் மசித்துக் கொடுத்தது அளவில் சேருமா என்று நான் அவனைக் கேட்கவில்லை.

ஜெசியிடம் சொல்லலாம். அவள் கேட்டுவிட்டு, "அப்ப உனக்கு என்னம்மா தெரியும், விடும்மா" என்பாள். அவள் நல்ல பிள்ளை, அதைத்தான் சொல்வாள். எனக்கு அந்த 'விடும்மா' வேண்டாம். சொல்ல வேண்டியது ரோசலி அக்காவிடம்தான். டிரெயினிங்குக்குக் கட்டிய பெட்டியைப் பிரித்தவர் அவர். தன் அப்பாவை என்னை நம்பி விட்டவரும் அவர். ஒவ்வொரு தடவை பட்டினத்துக்குப் போகும்போதும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் பஸ் ஏறுவேன். அவர் மீன் வறுத்துப் போடுவார், முழங்கால் வலியைச் சொல்வார், பேரப்பிள்ளைகள் மார்க்கைச் சொல்வார். மாமாவிடம் தலையாட்டியதை ஒரு சாக்காக வைத்துக்கொண்டு அடுத்த தடவை சொல்லலாம் என்று திரும்பி வந்துவிடுவேன். போன வருஷம் மழைக்கு முன்னால் அக்காவை அடக்கம் பண்ணினோம். கல்லறையில் எல்லோரும் மண் போட்டார்கள், நானும் ஒரு பிடி போட்டேன். உயிரோடு இருக்கும்போது சொல்லியிருந்தால் அக்கா என்னை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஏசியிருப்பார். தலையைக் குனிந்துகொண்டு கேட்டிருப்பேன். என்னை ஏசுகிற உரிமை இருந்த ஆள் அவர் ஒருவர்தான்.